முகவரிப் பட்டையில் தெரிந்த மொபைல் எண்: சென்னைப் பொது அலுவலகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

அந்தக் கடிதம் கோடு போட்ட நோட்டுத் தாளில், நீல மையில் எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் வியாசர்பாடிப் பக்கத்து அம்மா ஒருவர். நின்றுபோன உதவித்தொகைக்காக அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறார். மனு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க, வீட்டுக்கு அருகில் உள்ள பிரவுசிங் சென்டரில் நாலைந்து முறை தன் மொபைல் நம்பரைப் போட்டுப் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் கடன் வேண்டுமா என்று கேட்டு தினமும் போன் வருகிறதாம். கடைசி வரியில், "என் நம்பரை யாருக்குக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டிருந்தார்.

கடிதம் தபால் பிரிவிலிருந்து நலப் பிரிவுக்குப் போனது. இது கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று அவர்கள் கணினிப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அலுவலக இணையதளத்தைப் பராமரிக்கும் வெண்டருக்கு. வெண்டர் ஒரே வரியில் பதில் தந்தார்: தளத்தில் தனியுரிமைக் கொள்கை இருக்கிறது, அதைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று வாரம் சுற்றிவிட்டுக் கடிதம் கண்காணிப்பாளர் மேஜைக்கு வந்து நின்றது.

எனக்குத் தொழில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். பெருங்குடியில் வேலை. அந்த அலுவலகத்தின் தமிழ் எழுத்துரு தகராறு ஒன்றை முன்பு சரிசெய்து கொடுத்த பழக்கத்தில் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இதுக்கு நான் என்ன பதில் எழுதட்டும்? நாமதான் யாருக்கும் கொடுக்கலையே" என்றார். அவர் உண்மையாகவே அப்படி நம்பினார். அந்த நம்பிக்கை சரிதானா என்று பார்த்த கதைதான் இது. அலுவலகத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

கொள்கையும் தளமும்

முதலில் வெண்டர் சொன்ன கொள்கையைப் படித்தேன். ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. உங்களை அடையாளம் காட்டும் பெயர், போன் நம்பர், மின்னஞ்சல் எதையும் இந்தத் தளம் தானாக எடுப்பதில்லை. ஐபி முகவரி (இணையத்தில் ஒரு கருவிக்கு இருக்கும் எண்), பிரவுசர், வந்த தேதி, நேரம், பார்த்த பக்கங்கள் ஆகியவை மட்டும் பதிவாகும். தளத்தைச் சேதப்படுத்த யாராவது முயன்றால் ஒழிய, அவற்றை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கப் பார்க்கமாட்டோம். இதுதான் சாரம். அரசுத் தளங்களில் பழகியவர்களுக்கு இந்த வாசகம் தெரிந்திருக்கும். இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் முதலில் 2009-இல் வந்தன, 2018-இல் இரண்டாம் பதிப்பு, 2023-இல் மூன்றாம் பதிப்பு. தனியுரிமைக் கொள்கை இருக்க வேண்டும் என்று அவை கேட்கின்றன. இங்கேயும் இருந்தது. எழுதியபடி தளம் நடக்கிறதா என்று பார்ப்பது யார் வேலை என்பதுதான் டெண்டர் பேப்பரில் இல்லை.

சோதனை முறை எளிது. எதுவும் சேமிக்கப்படாத புது பிரவுசர் புரொஃபைல் ஒன்றைத் திறந்து, தளம் பின்னணியில் என்ன செய்கிறது என்று காட்டும் டெவலப்பர் டூல்ஸ் பகுதியை வைத்துக்கொண்டு தளத்துக்குள் போனேன். எதையும் தொடவில்லை, எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. முகப்புப் பக்கம் முழுதாக வந்து நிற்பதற்குள் ஒன்பது குக்கீகள் விழுந்திருந்தன.

குக்கீ என்பது என்ன என்று கண்காணிப்பாளர் மேடம் கேட்டார். டோக்கன் மாதிரி என்றேன். வங்கிக்குப் போனால் கையில் ஒரு டோக்கன் தருகிறார்கள், கவுண்டரில் கூப்பிடும்போது அதைக் காட்டுகிறோம், வேலை முடிந்ததும் அதற்கு மதிப்பில்லை. 1994-இல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மாண்டுலி குக்கீயைக் கொண்டுவந்ததும் இந்த மாதிரித் தேவைக்குத்தான். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால் முன்னால் வந்தவர் யார் என்று சர்வருக்கு நினைவிருக்காது, அதனால் இணையக் கடையின் கூடையில் என்ன போட்டார் என்பதை அவர் கம்ப்யூட்டரிலேயே குறித்துவைக்க வழி தேவைப்பட்டது. அதே டோக்கனை இரண்டு வருடம் சட்டைப் பையில் விட்டுவைத்து, அந்த ஆள் போகும் கடையிலெல்லாம் எடுத்துப் பார்த்தால் அது வேறு விஷயம்.

ஒன்பதில் இரண்டு டோக்கன் வகை. ஒன்று செஷன் குக்கீ, பிரவுசரை மூடினால் போய்விடும். இன்னொன்று தமிழா ஆங்கிலமா என்ற தேர்வை நினைவில் வைப்பது. இந்த இரண்டும் இல்லாமல் தளம் ஒழுங்காக ஓடாது. அவற்றின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

மற்ற ஏழில் நான்கு யூடியூப் வீடியோ ஒன்றால் வந்தவை. முகப்பில் ஒரு விழிப்புணர்வு வீடியோ ஒட்டப்பட்டிருந்தது. ஓட்டிப் பார்க்காதவர்களுக்கும் அந்தக் குக்கீகள் வந்தன. இரண்டு, தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் உடையவை, ஆயுள் இரண்டு வருடம். கடைசி ஒன்று ஃபேஸ்புக் பிக்சல் வைத்தது, ஆயுள் மூன்று மாதம். பிக்சல் என்பது தளத்துக்கு வருகிறவர்களைப் பற்றி ஃபேஸ்புக்குக்குச் சொல்லும் சிறு நிரல். இந்த பிக்சல் ஏன் இங்கே என்று விசாரித்தேன். ஒரு முகாமுக்கு ஆள் சேர்க்க முன்பு ஃபேஸ்புக்கில் விளம்பரம் செய்திருக்கிறார்கள், விளம்பர ஏஜென்சி அப்போது போட்டது. முகாம் முடிந்தது, விளம்பரம் முடிந்தது, ஏஜென்சியின் ஒப்பந்தமும் முடிந்தது. பிக்சலை எடுக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அனலிட்டிக்ஸ், பிக்சல் இரண்டின் குக்கீகளும் அலுவலகத்தின் சொந்த டொமைன் பெயரில்தான் விழுகின்றன. பட்டியலைப் பார்க்கிறவருக்கு நம்முடையவை போலவே தெரியும். பிரவுசரில் வெளியார் குக்கீகளைத் தடுக்கும் அமைப்பை ஒருவர் போட்டிருந்தாலும் இவை தப்பிவிடும். குக்கீ நம் பெயரில் இருக்க, தகவல் வெளியே போகிறது. அதனால் குக்கீகளை எண்ணுவதோடு நிறுத்தினால் பாதிதான் தெரியும், எந்த சர்வருக்கு என்ன போகிறது என்று நெட்வொர்க் பகுதியில் வரி வரியாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோதுதான் அந்த அம்மாவின் கடிதத்துக்குச் சம்பந்தமான இடம் வந்தது.

மனு நிலை அறியும் பக்கத்தில் மொபைல் நம்பரைப் போட்டு 'தேடு' என்று அழுத்தினால் விடை வருகிறது. கூடவே மேலே முகவரிப் பட்டையில், கேள்விக்குறிக்குப் பின்னால், போட்ட பத்து இலக்கமும் அப்படியே நிற்கிறது. படிவத்துக்கு நிரல் எழுதியவர், போட்டதை முகவரியோடு சேர்த்து அனுப்பும் கெட் முறையில் எழுதியிருக்கிறார், முகவரியில் சேர்க்காமல் அனுப்பும் போஸ்ட் முறையில் எழுதியிருந்தால் நம்பர் அங்கே வந்திருக்காது. ஒரே ஒரு சொல்லின் வித்தியாசம். அனலிட்டிக்ஸின் வேலையே பார்க்கப்பட்ட பக்கத்தின் முழு முகவரியைக் குறித்துக்கொள்வது. பிக்சலும் அப்படித்தான். ஆக, மனு நிலையைப் பார்த்த ஒவ்வொருவரின் நம்பரும் பக்க முகவரியின் ஒரு பகுதியாக இரண்டு வெளிநாட்டு நிறுவனங்களின் சர்வருக்குப் போயிருக்கிறது. ஆளை அடையாளம் காட்டும் தகவலை அனலிட்டிக்ஸுக்கு அனுப்பக்கூடாது என்று கூகுளின் விதியே சொல்கிறது, அதையும் நாம்தான் மீறியிருக்கிறோம். படிவத்தில் அடிக்கும் நம்பரைத் தானாக எடுத்துக்கொள்ளும் வசதி ஒன்று பிக்சலில் உண்டு. அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. நல்லவேளை.

கணினிப் பிரிவில் அனலிட்டிக்ஸ் கணக்கைத் திறந்து காட்டச் சொன்னேன். அதிகம் பார்க்கப்பட்ட பக்கங்கள் என்ற பட்டியலில், முகப்புக்கும் தொடர்பு முகவரிக்கும் கீழே, மக்களின் மொபைல் நம்பர்கள் வரிசையாக ஓடின. மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு பழைய ஏஜென்சியிடமும் இருந்தது.

பிரவுசிங் சென்டரில்

இது போதாதென்று எனக்கு ஒரு சந்தேகம். அந்த அம்மா சொந்த போனில் பார்க்கவில்லையே. சனிக்கிழமை மதியம் வியாசர்பாடிப் பக்கம் போய், ஜெராக்ஸ், லேமினேஷன், பான் கார்டு என்று போர்டு போட்ட ஒரு கடைக்குள் உட்கார்ந்தேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் பிராஜெக்டுக்குப் படம் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அலுவலகத் தளத்தின் முதல் நான்கு எழுத்துகளை அடித்தேன். மீதியை பிரவுசரே நிரப்பியது. கீழே விரிந்த பட்டியலில் ஆறு முகவரிகள், ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு மொபைல் நம்பர். அதில் ஒன்றை அழுத்தினால் யாரோ ஒருவருடைய மனுவின் நிலை திறந்திருக்கும். பெயர், எந்தத் திட்டம், என்ன காரணத்துக்காக நிலுவையில் இருக்கிறது, எல்லாம். நான் அழுத்தவில்லை.

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஹிஸ்டரியை அழிக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. "எல்லாரும் வந்து பார்ப்பாங்க தம்பி, நான்தான் பாதிப் பேருக்கு அடிச்சுக் கொடுப்பேன்" என்றார். சென்னையில் அரசுச் சேவையைத் தேடி வரும் மக்களில் சொந்த லேப்டாப்பில் தனியாக உட்கார்ந்து பார்ப்பவர்களை மனதில் வைத்து மட்டும் ஒரு பக்கத்தைக் கட்டினால் இப்படித்தான் ஆகும். மகன் போன், பக்கத்து வீட்டுப் பெண் போன், இ-சேவை மையத்துக் கம்ப்யூட்டர் என்று பொதுவான திரைகளில்தான் இந்த வேலை பெரும்பாலும் நடக்கிறது. குடும்பத்துக்குத் தெரியாமல் மனு கொடுத்த பெண்ணுக்கு அந்த முகவரிப் பட்டியல் எவ்வளவு ஆபத்து என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு இப்போதும் கலக்கமாக இருக்கிறது. நம்பரே இல்லாவிட்டாலும், எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்பதே ஒரு ரகசியம். கடன், நோய், விவாகரத்து, மாற்றுத்திறன் என்று தலைப்பு வைத்த பக்கங்கள் அவை.

கடன் அழைப்புகள் இதில் எந்த வழியாக வந்தன? நிரூபிக்க முடியவில்லை. அந்த நம்பர் வேறு எத்தனையோ இடங்களில் கொடுக்கப்பட்டிருக்கலாம். ஆனால் நம்மிடமிருந்து போகவில்லை என்று எழுதவும் இனி வழியில்லை.

சட்டம் எந்த அளவு கை கொடுக்கிறது

வெண்டருடன் நடந்த கூட்டத்தில் முதலில் வந்த கேள்வி, இதெல்லாம் சட்டப்படி தப்பா என்பது. பழைய நிலைமையில் பதில் மங்கலாகத்தான் இருந்தது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் அதன் கீழ் 2011-இல் வந்த விதிகளும் கம்பெனிகள், வணிக அல்லது தொழில்முறை அமைப்புகள் ஆகியவற்றைப் பற்றிப் பேசின. அரசு அலுவலகம் அதில் நேராக மாட்டாது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அடிப்படை உரிமை முதலில் கட்டுப்படுத்துவது அரசைத்தான். அதை நான் சொன்னபோது கூட்டத்தில் கொஞ்சம் அமைதி வந்தது.

அப்புறம் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியமான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. குக்கீ என்று தனியாக ஒரு பிரிவு அதில் இல்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலும் அதன் வரம்புக்குள் வரும், அரசும் வரும். உதவித்தொகை, சான்றிதழ், உரிமம் போன்றவற்றுக்காக அரசு தகவலைக் கையாளும்போது ஒவ்வொரு தடவையும் சம்மதம் கேட்க வேண்டியதில்லை என்று 7-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. வெண்டர் இதைப் பிடித்துக்கொண்டார். மனுவைக் கவனிக்க நம்பரை வைத்துக்கொள்வதற்கு அந்த விலக்கு பொருந்தும், சரி. முகாம் விளம்பரத்துக்குப் போட்ட பிக்சலுக்கு எப்படிப் பொருந்தும்?

மூன்று விஷயங்களைச் சட்டத்திலிருந்து எடுத்து மேடம் கோப்பில் நோட் போட்டார். சம்மதம் கேட்கும் இடத்தில் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் அந்த உரிமை உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்கு 9-ஆம் பிரிவில் தடை உண்டு. கல்வி உதவிப் பக்கத்துக்குப் பள்ளி மாணவர்கள் வருகிறார்கள். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். மூன்றாவதைத்தான் எல்லோரும் இரண்டு முறை படித்தார்கள். எனக்கு முதல் விஷயம் பெரிதாகப் பட்டது.

பொது அமைப்புகளே மாட்டிய முன்னுதாரணம் உண்டா என்றும் கேட்டார்கள். ஐரோப்பாவில் இரண்டு. ஐரோப்பிய நாடாளுமன்றம் தன் உறுப்பினர்களின் கோவிட் பரிசோதனைக்கு முன்பதிவு செய்ய வைத்திருந்த தளத்தில் கூகுள் அனலிட்டிக்ஸ் உள்ளிட்ட வெளியார் குக்கீகள் இருந்தன. அங்குள்ள தரவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் 2022 ஜனவரியில் நாடாளுமன்றத்தையே கண்டித்தார். இன்னொன்றில், ஒரு ஜெர்மானியக் குடிமகன் ஐரோப்பிய ஆணையத்தின் உள்நுழைவுப் பக்கத்தில் இருந்த ஃபேஸ்புக் பொத்தானை அழுத்தியபோது அவருடைய ஐபி முகவரி அமெரிக்காவுக்குப் போனது. 2025 ஜனவரி 8 அன்று ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் ஆணையம் அவருக்கு 400 யூரோ தர வேண்டும் என்றது. தொகை சின்னது. நம்முடையதில் போனது முழு மொபைல் நம்பர்.

என்ன மாற்றப்பட்டது

வெண்டர் கொண்டுவந்த தீர்வு, திரையின் அடியில் ஒரு பட்டை. "இந்தத் தளம் குக்கீகளைப் பயன்படுத்துகிறது" என்று ஒரு வரி, "ஏற்கிறேன்" என்று ஒரே பொத்தான். இதைத்தான் நான் கடுமையாக எதிர்த்தேன். மறுக்க வழி இல்லாத சம்மதம் சம்மதமே இல்லை. சட்டமும் சம்மதம் சுதந்திரமாக, நிபந்தனையின்றித் தரப்பட வேண்டும் என்றுதான் சொல்கிறது. உதவித்தொகை நின்றுபோய்த் தவிக்கிறவர் அந்தப் பட்டையைப் படிக்கமாட்டார், அதை மறைக்கிற பொத்தான் எதுவோ அதை அழுத்துவார். அதோடு, பட்டை வைத்தாலும் நம்பர் போவது நிற்காது. கேட்பதைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் எடுப்பதை நிறுத்துங்கள் என்று கேட்டேன். இரண்டு மணி நேரம் ஆனது. மேடம் என் பக்கம் நின்றார்.

படிவம் போஸ்ட் முறைக்கு மாறியது. அரை நாள் வேலை. மனு எண்ணும் மொபைல் நம்பரின் கடைசி நான்கு இலக்கமும் சேர்ந்தால்தான் விடை வரும், விடையிலும் பெயரின் முதல் இரண்டு எழுத்து மட்டும். பிக்சல் அன்றே போனது. வீடியோ இருந்த இடத்தில் வெறும் படம் வந்தது, அதைத் தொட்டால்தான் யூடியூப் ஓடும். எத்தனை பேர் எந்தப் பக்கத்துக்கு வருகிறார்கள் என்ற கணக்கு அலுவலகத்துக்கு உண்மையாகவே வேண்டியிருந்தது, பட்ஜெட் கேட்க அது உதவுகிறது. அதற்கு மடோமோ என்ற திறந்த மூல மென்பொருளைச் சொந்த சர்வரிலேயே, குக்கீ இல்லாமல், ஐபி முகவரியின் பின்பாதியை மறைத்து ஓட விட்டார்கள். சர்வர் லாக்குகளை, அதாவது சர்வரில் நடப்பதன் பதிவுகளை, 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு. அதனால் 180 நாளோடு அழித்துவிடுவது என்று முடிவானது. தகவலை அழிக்கும் கடமையில் அரசு அமைப்புகளுக்குச் சட்டம் விலக்கு தருகிறது. ஆனாலும் கெடு வைத்துக்கொள்வோம் என்று மேடம் தானாக எழுதினார். இதை நான் கேட்கவே இல்லை.

மறுபடி புது புரொஃபைலில் திறந்து பார்த்தேன். இரண்டு குக்கீ, இரண்டும் டோக்கன் வகை.

கொள்கையைத் தமிழில் எழுத ஒரு வாரம் பிடித்தது. குக்கீ என்ற சொல்லை விடவும் முடியவில்லை, அதை மட்டும் போட்டால் புரியவும் இல்லை. "உங்கள் போனில் நாங்கள் விட்டுவைக்கும் சிறு குறிப்பு, இதைக் குக்கீ என்பார்கள்" என்று முடிந்தது. என்ன எடுக்கிறோம், எதற்கு, எத்தனை நாள் வைத்திருப்போம், தப்பு நடந்தால் யாரிடம் கேட்பது, இவ்வளவுதான் அதில் இருக்கிறது. எழுதியதை நலப் பிரிவில் டீ கொண்டுவரும் அண்ணனிடம் சத்தமாகப் படிக்கக் கொடுத்தோம். அவர் திக்கின இடத்தையெல்லாம் திருத்தினோம்.

முடியாதவை சில உண்டு. ஏற்கெனவே போன நம்பர்களை அழிக்கச் சொல்லி இரண்டு நிறுவனங்களுக்கும் விண்ணப்பம் போயிருக்கிறது, அனலிட்டிக்ஸ் கணக்கில் மட்டும் அழிந்ததைக் கண்ணால் பார்த்தோம். பிரவுசிங் சென்டர்களின் ஹிஸ்டரியில் கிடப்பதை நாங்கள் எட்ட முடியாது. அந்தப் பழைய முகவரிகளை அழுத்தினால் இப்போது எதுவும் திறக்காதபடி செய்திருக்கிறார்கள், ஆனால் நம்பர் அந்தப் பட்டியலில் இருக்கும். வாசலில் வாட்ச்மேன் மேஜையில் இருக்கும் வருகைப் பதிவேடும் அப்படியே. நூலில் கட்டிய பேனா, பெயர், போன் நம்பர், வந்த காரணம். பின்னால் வருகிறவர் முன்னால் வந்தவருடையதைப் படித்துக்கொண்டே தன்னுடையதை எழுதுகிறார். அதற்கு ஒரு தனிச் சீட்டு முறை கேட்டிருக்கிறோம், கோப்பு இன்னும் மேலே இருக்கிறது.

அந்த அம்மாவுக்குப் பதில் போனது. கடன் அழைப்புகள் எங்களால் வந்தவையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் உங்கள் நம்பர் எங்கள் தளத்திலிருந்து வெளியே போகும் வழி இருந்தது, அது எங்கள் தவறு, வருந்துகிறோம் என்று மேடம் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். பத்து நாள் கழித்து அந்த அம்மா நேரிலேயே வந்தார், கடிதத்தை மடித்துப் பையில் வைத்திருந்தார். அவருக்கு ஒரே ஒரு கேள்வி: அந்தப் பிரவுசிங் சென்டரில் இனிமேல் பார்க்கலாமா, வேண்டாமா? பார்க்கலாம்மா, மனு எண்ணும் உங்கள் நம்பரில் கடைசி நாலு இலக்கமும் போட்டால் போதும், முடித்ததும் மூடச் சொல்லுங்கள் என்று மேடம் ஒரு துண்டுத் தாளில் மனு எண்ணை எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது அந்த அம்மா வாசலில் வெளியேறும் நேரத்துக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, தன் நம்பர் இருந்த வரியின் மேல் பதிவேட்டின் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போனார்.